கொல்கத்தாவில் கிறிஸ்மஸ், திரும்பி வர இரண்டு டிக்கெட்

எனக்கு எழுபத்து நான்கு வயது நடக்கிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அவர்கள் அப்பாவுக்கு மில்லில் முறை வேலை. நான் வீட்டில் பீடி சுற்றினேன். அப்படியும் ஒரு பிள்ளையைக்கூட அடுத்த வீட்டு மடியில் விட்டு வளர்த்ததில்லை. தண்ணீருக்குப் போனால் இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, முன்னால் ஓட ஒன்று. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. மீதி எழுத்தெல்லாம் வேதப் புத்தகத்தைப் பார்த்துப் பழகியது. "கொல்கத்தாவில் கிறிஸ்மஸ் எப்படி இருந்தது என்று எழுதிக் கொடுங்கள், நம் பெண்கள் சங்கப் பத்திரிகையில் போடலாம்" என்று போதகரம்மா கேட்டார். சங்கத்தில் வேறு யாரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. அதனால் நான்தான் எழுத வேண்டும்.

என் மூன்றாவது மகள் எஸ்தர் அங்கே நர்ஸ். மருமகன் தானியேலுக்குத் துறைமுகத்தில் வேலை. பெரியவன் ஜோயலுக்கு ஏழு வயது, சின்னவள் கிருபாவுக்கு நான்கு. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த வேலைக்காரம்மா நவம்பரில் தன் ஊரோடு போய்விட்டார். எஸ்தர் போனில் சொன்னாள்:

"எம்மா, கிறிஸ்மசுக்கு வா. போகும்போது கிருபாவைக் கூட்டிட்டுப் போயிரு. ஜூன்ல அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துரலாம். பெரியவன நான் சமாளிச்சுக்கிடுவேன்."

எனக்கு அதில் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஆறாவதாக ஒன்றை வளர்க்க என் கையில் இன்னும் தெம்பு இருக்கிறது என்று என் மகளுக்குத் தெரிந்திருக்கிறதே. போவதற்கு ஒரு டிக்கெட், திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுக்கச் சொன்னேன். ஐந்து வயதுக்குள் என்றால் ரயிலில் காசு இல்லையாம். ஆனால் தனிப் படுக்கை கிடையாது. என் பேத்தி படுத்துத்தான் வர வேண்டும் என்று முழுக் கட்டணம் கட்டச் சொன்னேன்.

டிசம்பர் 19, காலை. சென்னை வரை மகன் வந்து ரயிலில் ஏற்றிவிட்டான். சென்னையிலிருந்து சாந்த்ராகாச்சிக்கு ஆயிரத்து அறுநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். கொல்கத்தாவுக்கு ஆற்றின் இந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஜங்ஷன் அது. என்னிடம் ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு தகர டின். டின்னில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும். நானே சுட்டது.

எதிர் இருக்கையில் ஒரு வங்காளிப் புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். வேலூரில் இரண்டு மாதம் தங்கி அவருக்கு வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தெளிவான தமிழில், "உக்காருங்க. மூச்சு இழுங்க. விடுங்க" என்றார்.

நான் திகைத்துப் போனேன். பிறகுதான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் காதில் விழுந்த தமிழ் மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார். மத்தியானம் நான் அச்சுமுறுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தேன். கடித்தார், கண்ணை மூடினார்.

"வலி இல்ல," என்றார்.

என் பலகாரத்தைப் பலரும் புகழ்ந்திருக்கிறார்கள். இப்படி ஒருவரும் புகழ்ந்ததில்லை. பதிலுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். சாயங்காலம் கோதாவரிப் பாலத்தில் ரயில் ஏறியபோது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "ரொம்பப் பெருசு, பயப்படாதீங்க" என்றார். அதுவும் ஆஸ்பத்திரியில் கேட்டதாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 20, மத்தியானம். சாந்த்ராகாச்சியில் தண்டவாளங்கள் தறியில் இழை ஓட்டியதுபோல் எண்ண முடியாமல் கிடக்கின்றன. மருமகனும் ஜோயலும் வந்திருந்தார்கள்.

"வாங்க அத்தே. பிரயாணம் எப்படி இருந்துது?" என்று மருமகன் டின்னை வாங்கினார். ஜோயல் அவர் பின்னால் நின்று என்னையே பார்த்தான்.

"ஆச்சி, திரும்பிப் போக டிக்கெட் ரெண்டா?"

"ஏலே, ஆச்சி மொதல்ல கீழ எறங்கட்டும்," என்றார் அவன் அப்பா.

"ரெண்டுதான்," என்றேன் நான். பிள்ளையிடம் மறைத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

அவன் எனக்கு முத்தம் தரவில்லை. மஞ்சள் டாக்சியில் ஏறினோம். பெஹாலா வரை ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள், மருமகன் பேசி நானூற்றைம்பது ஆக்கினார். ஹூக்ளி ஆற்றின் மேல் கம்பிகளில் தொங்குகிற பெரிய பாலம். கீழே படகுகள் வெயிலில் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தன.

"ஆச்சி, இந்தப் பாலம் உங்க ஊர்ல இருக்கா?" என்றான் ஜோயல்.

"இல்ல."

"கப்பல்?"

"தூத்துக்குடியில இருக்கு."

"டிராம் இருக்கா?"

"அப்படின்னா?"

"ரோட்டுல போற ரயிலு."

"இல்ல."

ஒரு விரலை மடக்கி வைத்துக்கொண்டான். அன்று தொடங்கி ஊருக்குப் புறப்படும்வரை அந்தக் கேள்வி ஓயவில்லை. தங்கையை அனுப்பக் கூடாது என்று அவன் வழக்கு நடத்துகிறான், நான் நீதிபதி. வாயால் ஒரு தடவையும் கேட்கவில்லை. சாட்சிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிறுத்தினான். யார் பேரன்.

பெஹாலாவில் அவர்கள் வீடு ஒரு சந்தில், நாலு மாடிக் கட்டடத்தில் முதல் மாடி. படி ஏறப்போகும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்தது. அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா, சால்வையைப் போர்த்திக்கொண்டு, உள்ளே பார்த்து, "டுண்டுனி! தோர் திதா எஷேச்சே!" என்று கூப்பிட்டார். உன் பாட்டி வந்துவிட்டார் என்று அர்த்தமாம். உள்ளேயிருந்து வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு ஓடிவந்தது என் பேத்தி கிருபா.

"இது யாரு பேரு?" என்றேன் மகளிடம், மாடிக்குப் போனவுடன்.

"இங்க எல்லாப் பிள்ளைக்கும் வீட்டுப் பேருன்னு ஒண்ணு உண்டும்மா. பள்ளிக்கூடத்துப் பேரு வேற. நாங்க வைக்கலை. கீழ்வீட்டு மாஸிமா வச்சாங்க, கட்டடம் முழுக்க அப்படியே கூப்புடுது. வீட்டுக்குள்ள நாங்க கிருபான்னுதான் சொல்லுவோம்." மாஸிமா என்றால் சித்தி முறை. அக்கம்பக்கத்துப் பெரிய பெண்களை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

"அது ஒரு குருவி, ஆச்சி," என்றான் ஜோயல். "இத்துனூண்டு இருக்கும். இலைய தச்சுக் கூடு கட்டும்."

"நம்ம ஊர்ல அது தையல்சிட்டு."

"உங்க ஊர்லயும் இருக்கா," என்றான். முகம் தொங்கிவிட்டது.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் இருக்க, பிள்ளையைக் குருவி பெயரால் அழைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. என் காதுபட அந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் கேட்டுக்கொண்டார்கள். படிக்கட்டு கேட்கவில்லை. விடிந்தால் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குரல், டுண்டுனி. மத்தியானம் பால்காரர் குரல், டுண்டுனி. மூன்று நாளில் என் காது அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்து எரிச்சல்படப் பழகிவிட்டது.

டிசம்பர் 22. நியூ மார்க்கெட். பெஹாலாவிலிருந்து ஒன்பது, பத்துக் கிலோமீட்டர். பஸ்ஸில் போனோம். நான் இந்த ஊரில் கிறிஸ்மஸ் நமக்கு மட்டும்தான் இருக்கும், நம் சபை ஒரு மூலையில் கொண்டாடும் என்று நினைத்திருந்தேன். நம் ஊரிலிருந்து காகித நட்சத்திரம்கூடச் சுருட்டி எடுத்துப் போனேன், அங்கே கிடைக்காது என்று. போய்ப் பார்த்தால் நட்சத்திரம் மலை மலையாகக் குவிந்திருக்கிறது. தெருவோரக் கடையில் கேக்கைச் செங்கல் அடுக்கியதுபோல் தலைக்கு மேல் அடுக்கியிருக்கிறார்கள். சிவப்புக் காகிதம் சுற்றிய பழக் கேக், ஒரு பவுண்டு நூற்றிருபது ரூபாய். பேர்போன பழைய கடைகளில் வெண்ணெய் போட்ட கேக்குக்கு வெயிலில் வரிசை நிற்கிறது. நிற்பவர்களில் நெற்றியில் குங்குமம் வைத்த பெண்கள்தான் அதிகம்.

"இவுங்கல்லாம் யாரு?" என்றேன் எஸ்தரிடம்.

"இந்துக்கள்தாம்மா. இவுங்களுக்கும் இது பொரோதின். பெரிய நாள்னு அர்த்தம். அன்னைக்குக் கேக்கு இல்லாத வீடு இந்த ஊர்ல இல்ல."

அந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆண்டவர் பிறந்த நாளைக்கு யாரும் அழைக்காமலே ஒரு ஊர் முழுக்க வரிசையில் நிற்கிறது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாங்களும் ஒரு மணி நேரம் நின்று வாங்கினோம். கிருபா என் இடுப்பில் தூங்கிவிட்டாள். எழுபத்து நான்கு வயது இடுப்புதான், வலிக்கவில்லை.

டிசம்பர் 23, சாயங்காலம். பார்க் ஸ்ட்ரீட். ஒரு தெருவுக்குப் பந்தல் போட்டதுபோல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விளக்கு. வண்டிகளை நிறுத்திவிட்டு நடக்கவிடுகிறார்கள். நடப்பது என்றால் நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மைக் கொண்டுபோகிறது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் அப்பாமார் தோளில், எல்லோர் தலையிலும் கிறிஸ்மஸ் தாத்தாவின் சிவப்புத் தொப்பி, சிலதில் விளக்கு மினுக்குகிறது. ஐம்பது ரூபாய்க்கு இரண்டு வாங்கினார் மருமகன். எனக்கும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஜோயல் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு, "இது இருக்கா உங்க ஊர்ல?" என்றான்.

"எது?"

"இவ்வளவு லைட்டு."

"தசராவுக்கு இருக்கும்."

"இவ்வளவா?"

"இவ்வளவு இல்ல."

மடக்கிய விரல் இப்போது ஒரு கைக்கு மேல் போய்விட்டது.

டிசம்பர் 24. நம் வழக்கப்படி பலகாரத் தட்டு அனுப்பினோம். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, ஒரு துண்டு கேக், மேலே ஒரு காகிதக் கைக்குட்டை. கட்டடத்தில் மற்ற எட்டு வீட்டுக்கும் கிருபாதான் கொண்டுபோனாள், ஜோயல் பின்னால் காவல். வங்காளிகளிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. வந்த தட்டை வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். ஏழு தட்டும் சந்தேஷ் என்கிற பால்கோவா இனிப்போடும் ஆரஞ்சோடும் இருட்டுவதற்குள் வந்துவிட்டன. கீழ்வீட்டு மாஸிமாவின் தட்டு மட்டும் வரவில்லை. நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

டிசம்பர் 25. நம் ஊரில் கிறிஸ்மஸ் ஆராதனை அதிகாலை நாலு மணிக்கு அல்லவா. நான் மூன்று மணிக்கே குளித்துப் பட்டுச்சேலை கட்டி, பிள்ளைகளை எழுப்பி, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, புதுத்துணி போட்டு உட்காரவைத்துவிட்டேன். எஸ்தர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "எம்மா, இங்க ஆராதனை எட்டு மணிக்கு," என்றாள். டிசம்பர் குளிரில் மூன்று பேரும் புதுத்துணியோடு ஒரு போர்வைக்குள் உட்கார்ந்து விடியும்வரை பாட்டுப் பாடினோம். கிருபாவுக்குத் தமிழ்ப் பாட்டு ஒரு வரி வரும், அடுத்த வரி வங்காளமாகிவிடும்.

தமிழ் ஆராதனையில் அறுபது, எழுபது பேர் இருந்தார்கள். சால்ட் லேக்கிலிருந்தும் சாந்த்ராகாச்சி ரயில்வே வீடுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். நல்ல பாட்டு. முடிந்ததும் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு என்றார் மருமகன். ஜோயல் பிறந்த வருஷத்திலிருந்து கிறிஸ்மஸ் மத்தியானம் மிருகக்காட்சி சாலையில்தான் சாப்பாடு. அது இவர்கள் வழக்கம் மட்டும் இல்லை, ஊர் வழக்கமே அதுதான்.

அலிப்பூர் மிருகக்காட்சி சாலைக்குள் பதினொரு மணிக்கு நுழைந்தோம். பெரியவர்களுக்கு ஐம்பது ரூபாய், பிள்ளைகளுக்கு இருபது. உள்ளே மிருகத்தைவிட மனிதர்தான் அதிகம். புல்லில் விரிப்பு விரித்து, லூச்சி என்கிற மைதாப் பூரி, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, கேக், ஆரஞ்சு. எங்கு பார்த்தாலும் ஆரஞ்சுத் தோல். குழந்தைகளைச் சுமந்துகொண்டு தாத்தாமார், பாட்டிமார், புதுப் பெண்கள், கல்யாணம் ஆகாத பையன்கள். ஒருவர் முகத்திலும் சுளிப்பு இல்லை. என் காலை மிதித்த ஒருவர் குனிந்து என் காலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு போனார். இப்படி மிதிபட எனக்குச் சம்மதம்.

காண்டாமிருகம் பார்த்தோம். வெள்ளைப் புலி தூங்கியது. ஒட்டகச்சிவிங்கியிடம் நின்றபோது ஜோயல் என்னைப் பார்த்தான். அவன் கேட்குமுன்னே, "இல்ல, இல்ல, எங்க ஊர்ல இல்ல," என்றேன். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டுக் குனிந்தபோது கிருபா இல்லை.

பிள்ளை அப்பா கையில் என்று எஸ்தர் நினைத்திருக்கிறாள். மருமகன் என் கையில் என்று நினைத்திருக்கிறார். நான் அண்ணன் கையில் என்று நினைத்தேன்.

அவளுக்குச் சிவப்புக் கவுன் தைத்துக் கொண்டுபோனவள் நான்தான். கூட்டத்தில் பளிச்சென்று தெரியும் என்று தேடி எடுத்த சிவப்பு. நம் ஊரில் அன்றைக்குச் சிவப்புக் கவுன் போட்டால் நம் பிள்ளை ஒன்றுதான் தெரியும். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் சிவப்புக் கவுன், சிவப்புத் தொப்பி, நாலு வயது. மருமகன் ஓடிப்போய் ஒரு பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பினார். வேறு பிள்ளை.

"அத்தே, நீங்க இந்த மரத்தடிய விட்டு நகரக்கூடாது. அவ தேடி வந்தா இங்கதான் வருவா," என்று சொல்லிவிட்டு அவர் ஒரு வாசலுக்கும் எஸ்தர் இன்னொரு வாசலுக்கும் ஓடினார்கள். ஜோயலை என்னிடம் விடப் பார்த்தார்கள். அவன் கேட்கவில்லை. "என் தங்கச்சி," என்று கத்திக்கொண்டு அப்பாவின் பின்னால் ஓடினான். என் சின்ன போன் பெஹாலாவில் சுவரில் செருகினபடி கிடந்தது.

ஐந்து பிள்ளைகளில் ஒன்றைக்கூடத் தொலைக்காதவள் நான். அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபம் பண்ண வாய் வரவில்லை. பேர் மட்டும் வந்தது. கிருபா, கிருபா என்று கூப்பிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை.

மரத்துக்கு மேலே கம்பத்தில் ஒலிபெருக்கி. காலையிலிருந்து வங்காளத்தில் பேசிக்கொண்டே இருந்தது. எனக்கு அது காற்று மாதிரி. ஒரு சொல் புரியாது. அந்தக் காற்றுக்குள்ளிருந்து, ஐந்து நாளாக என் காது எரிந்துகொண்டிருந்த அந்தச் சொல் மட்டும் தனியாக விழுந்தது.

டுண்டுனி.

மறுபடியும் என்னவோ பேச்சு. மறுபடியும் டுண்டுனி. பிறகு, பெஹாலா.

நகரக் கூடாது என்று மருமகன் சொன்னார்தான். நான் நகர்ந்தேன். எதிரில் வந்த ஒரு பையனின் கையைப் பிடித்து ஒலிபெருக்கியைக் காட்டி, "டுண்டுனி," என்றேன். அவன் விழித்தான். என் நெஞ்சில் தட்டி மறுபடியும், "டுண்டுனி," என்றேன். அவனுக்குப் புரிந்தது. என் கையைப் பிடித்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான். போகிற வழியெல்லாம் நான் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். பட்டுச்சேலை மண்ணில் புரண்டது. இப்போது கூப்பிட்டவுடன் ஜனங்கள் வழிவிட்டார்கள், கைகாட்டினார்கள், "ஓய்தான், ஓய்தான்" என்றார்கள். அதோ அங்கே என்று அர்த்தம்.

ஒரு கொட்டகை. உள்ளே மேசைமேல் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தாள். அழுத அடையாளம் இல்லை. பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். அவர் என்னைக் காட்டி அவளிடம் ஏதோ கேட்டார்.

"ஆமார் ஆச்சி," என்றாள் பிள்ளை. என்னுடைய ஆச்சி.

பிறகு மருமகன் வந்தார், எஸ்தர் வந்தாள். பெண் போலீஸ் சொன்னதை மருமகன் எனக்குச் சொன்னார். பிள்ளையிடம் பெயர் கேட்டார்களாம். டுண்டுனி. வீடு? பெஹாலா. யார் வீடு? மாஸிமா வீட்டுக்கு மேலே. வீட்டில் யார்? அண்ணன், அவன் பெயர் ஜோயல். எல்லாம் வங்காளத்தில் கேட்டார்கள், வங்காளத்தில் சொல்லியிருக்கிறாள். வங்காளத்தில் கேட்டால் அவளுக்கு அதுதான் பெயர்.

ஜோயல் ஓடிவந்தான். அவள் கவுனின் பின் முடிச்சைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டான். வீடு வரும்வரை விடவில்லை. டாக்சியிலும் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் உடைந்துவிட்டாள். "எம்மா, எனக்குத் தாங்காது. நீ இவளக் கூட்டிட்டுப் போயிரு. நாளைக்கே போனாலும் சரி. ஒங்கிட்ட இருந்தா இப்படி ஆவாது."

அது உண்மைதான், என்னிடம் இருந்தால் ஆகாது. ஆனால் நான் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கூட்டத்தில் ஒரு நாலு வயதுப் பிள்ளை பயப்படாமல் தன் பெயரையும் தன் இடத்தையும் சொல்லியிருக்கிறது. யார் வீட்டுக்கு மேலே என்று சொல்லியிருக்கிறது. அந்த இடத்திலிருந்து பிடுங்கி நான் அவளை எங்கே நட?

"வேலைக்காரம்மா போன பொறவு ஒனக்கு முறை வேலை இருந்த நாள்ல பிள்ள எங்க இருந்தா?" என்று கேட்டேன்.

எஸ்தர் தலை நிமிரவில்லை. "கீழ. மாஸிமாதான் வச்சுக்கிட்டாங்க. நானா கேக்கல. அவுங்களா வந்து தூக்கிட்டுப் போவாங்க. எத்தன நாளைக்கு அப்படி விட முடியும்? நீ எங்க யாரையும் யாருட்டயும் விட்டதில்லயே. எனக்குக் கேக்க நாக்கு வரல."

என் பிள்ளைதான். வேறு யார் நாக்கு அது.

டிசம்பர் 26, காலை. ஜோயலை அழைத்துக்கொண்டு கீழே போனேன், மொழிக்கு. கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. கேட்கப் போகிறவள் கொடுப்பதுபோல் காட்டிக்கொள்ளக் கூடாது. மாஸிமா கதவைத் திறந்து என்னைப் பார்த்தவுடன் முகம் சிவந்து, படபடவென்று பேசினார்.

"என்னடா சொல்லுதாங்க?"

"நீங்க தட்டு கேக்க வந்தீங்கன்னு நினைக்காங்க, ஆச்சி. வெக்கமா இருக்காம். கிராமத்துல இருந்து புது வெல்லம் வரணுமாம். வந்தாத்தான் தட்டு தருவாங்களாம். வெறும் தட்டு தர மாட்டாங்களாம்."

ஏழு தட்டு வந்து ஒரு தட்டு வராததை நான் மனதில் குறித்திருந்தேன் என்றேனே, அதை அங்கேயே அழித்துவிட்டேன்.

"தட்டு இருக்கட்டும்னு சொல்லு. வேற ஒண்ணு கேக்க வந்தேன்னு சொல்லு."

சொன்னான்.

"நான் அஞ்சு பிள்ள வளத்தவ. யாருட்டயும் போயி எம்பிள்ளயப் பாத்துக்கோன்னு கேட்டதில்ல. இப்பக் கேக்கேன். எம்மக வேலைக்குப் போற நேரம் எம்பேத்திய நீங்க பாத்துக்கிடணும். சொல்லு."

ஜோயல் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு அவர் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தான். நான் சொன்னது நாலு வரி. அவன் நாற்பது வரி பேசினான். கையை ஆட்டினான். விரல்களை மடக்கிக் காட்டினான். நடுவில் டிராம் என்று ஒரு சொல் வந்தது, டிக்கெட் என்று ஒரு சொல் வந்தது. நான் தடுக்கவில்லை. அவன் வழக்கு, அவன் முடிக்கட்டும்.

மாஸிமா சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சுருக்கமாக ஏதோ சொன்னார். சொல்லும்போது என்னைத் திதி என்று அழைத்தார். அக்கா என்று.

"என்ன சொல்லுதாங்க?"

"இத்தன நாளா டுண்டுனி எங்க வீட்ல இல்லாம எங்க இருந்தான்னு கேக்காங்க."

பிறகு உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். சுவரோரம் ஒரு சின்னத் தலையணை, கரடிப் பொம்மை போட்ட உறை. அலமாரியில் ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளர். அவளுடையது. தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். நடுவில் தலை படிந்த குழி இருந்தது.

மாடிக்கு வந்து, இரண்டாவது டிக்கெட்டை ரத்து செய்யுங்கள் என்றேன் மருமகனிடம். எஸ்தர் அடுப்படியில் நின்றபடியே அழுதாள். ஜோயல் நான் வந்த ஆறு நாளில் முதல் தடவையாக முத்தம் கொடுத்தான். ஆரஞ்சு மணந்தது.

டிசம்பர் 28. சாந்த்ராகாச்சியில் எல்லோரும் வந்து ஏற்றிவிட்டார்கள். மாஸிமாவும் வந்தார். தட்டைக் கொண்டுவந்தார், அதன்மேல் ஈச்சம்பதநீரில் காய்ச்சிய புது வெல்லம் நாலு வட்டு. முகர்ந்து பார்த்தேன். நம் கருப்பட்டிக்குத் தங்கை. கருப்பட்டி கொஞ்சம் அதட்டும், இது அதட்டாது. "இது எங்க ஊர்ல இருக்கு, ஆனா இப்படி இல்ல," என்றேன் ஜோயலிடம். அவன் விரல் மடக்க மறந்து சிரித்தான். கிருபா அழவில்லை. ரயில் நகரும்போது மாஸிமாவின் இடுப்பில் இருந்தபடி கையாட்டினாள். நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, ஊர் கேட்கக் கூப்பிட்டேன், அவள் திரும்பிப் பார்க்கிற பெயரால்.

எதிர்ப் படுக்கையில் வேறு யாரோ வந்து படுத்தார்கள். நான் வெல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் ஊர்க் கிறிஸ்மஸ் விடியுமுன் தொடங்கி, விடிந்ததும் வீட்டுக்குள் போய்விடும். அந்த ஊர்க் கிறிஸ்மஸ் வெயில் ஏறினபின் தொடங்கி, தெருவிலேயே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் நல்லதுதான். நம் பலகாரம் மட்டும் அங்கே இல்லை. அடுத்த வருஷம் பெரிய டின் கொண்டுபோக வேண்டும், எட்டு வீட்டுக்கு.

எழுதி முடித்துவிட்டேன். மகன் வீட்டுப் பேத்தி பிளெஸ்ஸி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், எழுத்து நன்றாகத் தெரியும். ஏட்டி பிளெஸ்ஸி, அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கே வந்து உட்கார். முதலிலிருந்து சத்தமாக வாசி, நான் கேட்கிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள். டுண்டுனி என்று வருகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே. அப்படியே வாசி.